தவராசா அண்ணையின் செக்கிங் பாட்டு

செய்தி வந்தபோது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். கார்ஜ் லே கொனெஸில் இருந்து பாரிசுக்குள் வேலைக்குப் போகும் வழக்கமான காலை ரயில். இருக்கை கிடைக்கவில்லை, கதவோரம் நின்றேன். தொலைபேசியில் யோகம் அக்காவின் பெயர் விழுந்தது. அவர் தவராசா அண்ணையின் மனைவி. காலையில் அவர் அழைத்தால், அண்ணையின் வான் எங்கேயோ நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கிறது, பொலிசாருடன் பிரெஞ்சு கதைக்க ஆள் தேவை என்று அர்த்தம். என்னுடைய பிரெஞ்சைக் கேட்டால் பொலிசாருக்குச் சிரிப்பு வரும். சிரித்தவர்கள் பிறகு விட்டுவிடுவார்கள். ஆகவே நானும் சிரித்துக்கொண்டே "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"விடிய அஞ்சு மணிக்கு நெஞ்சு நோகுதெண்டவர், தம்பி. அம்புலன்ஸ் வந்து ஏத்திக்கொண்டு போச்சுது. இப்பதான் டொக்டர் வந்து சொன்னவர். அவர் இல்லையாம்."

அக்காவே தொடர்ந்து கதைத்தார்.

"சனிக்கிழமை ஆரோ ஒரு கலியாணத்துக்கு மைக் கேட்டவை. அவையின்ரை நம்பர் அவரின்ரை போனுக்கை கிடக்கு, எனக்கு எடுக்கத் தெரியேல்லை. நீ ஒருக்கா அவைக்கு அறிவிச்சு விடு, என்ன? கடைசி நேரத்திலை பாவம், அந்தரிக்கப் போகினம்."

சென் தெனியில் இறங்கினேன். எதிர்ப்பக்க மேடைக்குப் போய் வீட்டுக்குத் திரும்பும் ரயிலுக்கு நின்றேன். வீட்டில் எனக்கு இப்போது என்ன அலுவல் என்று யோசித்து, மறுபடி இந்தப் பக்கம் வந்தேன். இப்படி மூன்று தரம் படி ஏறி இறங்கிய பிறகுதான் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி என்பது என் மூளைக்கு எட்டியது. அன்றிலிருந்து இன்று வரைக்கும் அந்த நிலைதான். இருந்தால் எழும்ப வேண்டும் போலிருக்கிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. இதையும் சமையலறையில் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் அஞ்சலி எழுதக்கூடியவர்கள் மூன்று பேர். ஒருவர் லண்டனுக்குப் போய்விட்டார். ஒருவர் தலைவருடன் கோபம். மிச்சம் நான். பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில் தமிழுக்குச் சாதாரண சித்தி. கணிதத்தில் மூன்று முறையும் தோல்வி. ஆகவே இந்தக் கட்டுரையில் வருடக் கணக்குகளைத் தேடாதீர்கள்.

அண்ணையை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: பாரிசிலோ அதைச் சுற்றிய ஊர்களிலோ நீங்கள் எந்தத் தமிழ்க் கலியாணத்துக்கோ, பெண் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கோ, கலைவிழாவுக்கோ போயிருந்தாலும் அவருடைய வேலையைக் கேட்டிருக்கிறீர்கள். அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மண்டபத்தின் கடைசியில், வாசலுக்குக் கிட்ட, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்குப் பின்னால் கறுப்பு ஜக்கெட்டுடன் நின்றவர் அவர்தான். கிழமை நாட்களில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. சனி, ஞாயிறு ஒலிபெருக்கி. ரூ பஜோல் தெருவில், பிள்ளையார் கோயிலுக்குக் கிட்ட, ஐந்தாம் மாடியில் வீடு. ஸ்பீக்கர்கள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் நிலவறையில் குடியிருந்தன.

நான் அவரை முதன்முதலில் சந்தித்தது என்னுடைய கலியாணத்தில். பதற்றத்தில், மாப்பிள்ளை நான் எல்லோருக்கும் முந்தியே மண்டபத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஒருவர் மட்டும் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு கிட்டார் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல். தொண்டைக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற குரல். அது ஆங்கிலத்தில் ஏதோ முறையிட்டது. அவர் மண்டபத்தின் நான்கு மூலைக்கும் நடந்து போய், ஒவ்வொரு மூலையிலும் தலையைச் சரித்து நின்று கேட்டார். நாற்பது விநாடி இருக்கும். பட்டென்று நிறுத்தினார்.

"என்ன அண்ணை பாட்டு இது?"

"செக்கிங் பாட்டு."

"ஆர் பாடினது?"

"ஆருக்குத் தெரியும்? நீர்தானே மாப்பிள்ளை? போய் இரும். உமக்கு வேர்த்து வழியுது. மைக்கிலை வேர்வை பட்டா எனக்குத்தான் கரைச்சல்."

அந்தப் பாட்டின் கதையைப் பின்னொரு நாள் சொன்னார். இளம் வயதில் அவர் யாழ்ப்பாண நகரத்தில், பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து கொடுக்கும் கடையொன்றில் வேலை செய்தார். கப்பலில் வேலை செய்த ஒருவர், பிரதி எடுக்கச் சொல்லி ஒரு கசெற் கொடுத்தார். திரும்பி வரவேயில்லை. கசெற்றில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. "மனிசன் தனிய இருந்து பாடுறான். அடிக்குரலும் இருக்கு, கீச்சிடுற கிட்டாரும் இருக்கு. இந்த ரெண்டும் ஒரு மண்டபத்திலை தெளிவாக் கேட்டுதெண்டா, மிச்சம் எல்லாம் கேக்கும்" என்றார். கசெற் போய் சீடி வந்தது, சீடி போய் ஃபோன் வந்தது, பாட்டு மாறவில்லை. எங்கள் பிள்ளைகள் தாலாட்டைக் கேட்டதைவிட அந்த நாற்பது விநாடியைத்தான் அதிகம் கேட்டு வளர்ந்தார்கள். அதற்குப் பிறகு பாட்டில் என்ன வருகிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவருடைய இன்னொரு கெட்டித்தனமும் பலருக்குத் தெரியாது. எங்கள் விழாக்களில் "சுருக்கமாக இரண்டு வார்த்தை" என்று தொடங்குபவர்கள் இரண்டு வார்த்தையோடு நிற்பதில்லை. அண்ணை மைக்கைத் திடீரென்று நிறுத்த மாட்டார். சத்தத்தை மெல்ல மெல்ல இறக்குவார். பேசுபவர் தன்னுடைய தொண்டைதான் களைத்துவிட்டது என்று நினைத்துத் தானாக முடிப்பார். எங்கள் தலைவர் இதற்காகவே பல வருடம் இஞ்சி குடித்து வந்தார்.

ஆனால் எட்டு மணி என்றால் எட்டு மணிதான். நாங்கள் எடுப்பது நகரசபை மண்டபம். எட்டுக்கு முடிக்க வேண்டும். ஒருமுறை உரைகள் நீண்டு ஒன்பது மணியானது. அடுத்த வருடம் எங்களுக்கு மண்டபம் தரவில்லை. அதற்குப் பிறகு நேரத்தை அண்ணையின் கையில் கொடுத்தோம். எட்டு மணிக்கு, பேசுவது யாராக இருந்தாலும், மைக் நின்றுவிடும்.

என் மகள் அபிக்கு ஒன்பது வயதிருக்கும்போது தமிழ்ப் பேச்சுப் போட்டி. நான் எழுதிக் கொடுத்த பேச்சு. அதனால் பிழை என்னுடையதுதான்: பிள்ளைக்கு விளங்காத சொல்லாகப் பார்த்துப் போட்டிருந்தேன். பேச்சின் இரண்டாம் பந்தியில் அவள் நின்றுவிட்டாள். உதடு நடுங்குகிறது. மண்டபம் முழுக்கப் பார்க்கிறது. அந்த நேரம் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு; மைக் செத்துப்போனது. அண்ணை பின்னாலிருந்து ஓடி வந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மைக் பிழை, ரெண்டு நிமிசம்" என்று சபைக்குச் சொன்னார். வயரை உருவிப் பார்ப்பது போல மேடையில் குனிந்து, அபியின் காதில் ஏதோ கேட்டார். அவள் சிரித்தாள். பிறகு முழுப் பேச்சையும் சொல்லி முடித்தாள். அன்று எல்லோரும் அவருடைய பழைய மைக்கைத் திட்டினார்கள். நானும் திட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில் அபிதான் சொன்னாள், மாமா தனக்காக நிறுத்தினார் என்று.

அந்த அபிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு கலியாணத்தில் செக்கிங் பாட்டுப் போகும்போது அவள் தொலைபேசியை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தாள். பாட்டைக் கேட்டு, பாடியவரைச் சொல்லும் வசதி அதில் இருக்கிறதாம்.

"அப்பா! இந்த ஆள் பெரிய ஆள்! ப்ளூஸ் பாடுறவர், அமெரிக்காவிலை. எண்பத்தாறு வயசு. இன்னும் உயிரோடை இருக்கிறார்!"

அண்ணை வயரைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பெயரை மூன்று தரம் சொல்லச் சொன்னார். அது நீளமான பெயர். அவருடைய வாயிலும் நிற்கவில்லை, என்னுடைய வாயிலும் நிற்கவில்லை. "கிழவன் எண்டே வைப்பம்" என்றார். நானும் அப்படியே எழுதுகிறேன்; மரியாதைக் குறைவாக அல்ல.

"என்னவாம் பாடுறான்?" என்று கேட்டார்.

அபி தொலைபேசியில் வாசித்து, பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னாள். மனைவி அவனை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். வெளியே மழை. ஒரு சப்பாத்து அவன் காலில், மற்றச் சப்பாத்து வீட்டுக்குள்.

அண்ணை கீழே போட்ட வயரை எடுத்தார். "அப்ப இவ்வளவு கலியாணத்துக்கும் இதையோ போட்டனான்?"

யோகம் அக்கா பக்கத்தில் நின்றார். "அதுதான் ஒருத்தரும் பிரியாமல் இருக்கினம். தாலி கட்டமுதலே எச்சரிக்கை குடுத்திட்டியள்."

சில மாதம் கழித்து கிழவன் பாரிசுக்கு வருகிறார் என்று அபியே கண்டுபிடித்து இரண்டு நுழைவுச்சீட்டு எடுத்தாள். ஒன்று அண்ணைக்கு, மற்றது அக்காவுக்கு. அக்கா "இங்கிலிசிலை ஒரு மனிசன் அழுறதைக் கேக்க நான் வரேல்லை" என்று சொன்னதால் நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக் கச்சேரி. இந்த இடத்தில் என்னுடைய முட்டாள்தனம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பழக்கத்தில் மூத்த கலைஞர் ஒருவர் மேடையேறினால் பொன்னாடை போர்த்தாமல் அனுப்புவதில்லை. எண்பத்தாறு வயது மனிதர் கடல் கடந்து வருகிறார். முப்பது வருடம் எங்கள் மண்டபங்களில் பாடியிருக்கிறார். பாரிஸ் தமிழர் சார்பில் ஒன்று போர்த்த வேண்டாமா? தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சரிகைக்கரை போட்ட சிவப்புப் பொன்னாடை ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அண்ணைக்குச் சொல்லவில்லை.

வாசலில் காவலர் பையைத் திறந்து, அதைத் தடவிப் பார்த்து, என்ன இது என்று கேட்டார்.

"பாடுகிற பெரியவருக்கு" என்றேன்.

"அவருக்குக் குளிருமா?"

"குளிருக்கு இல்லை. மரியாதைக்கு."

அவர் யோசித்தார். "உள்ளே சூடாகத்தான் இருக்கும், மிசியே" என்று சொல்லி விட்டுவிட்டார்.

இருக்கையில் இருந்ததும் அண்ணை பார்த்துவிட்டார். "உதென்ன பையுக்கை?"

"பொன்னாடை."

"ஆருக்கு?"

"கிழவனுக்கு. மூண்டாவது பாட்டு முடிய ஒரு இடைவெளி விடுவினமெல்லே? அப்ப ஏறிப் போர்த்திப்போட்டு வாறன்."

"டேய் நாதன், உனக்கு விசரோ? இஞ்சை அப்பிடி இடைவெளி விடமாட்டினம்."

"அப்ப தலைவர் உரை?"

"இஞ்சை தலைவரே இல்லையடா!"

தலைவர் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஐந்து மணி தாண்டியது. கிழவன் வரவில்லை. ஐந்தே கால். சனம் காலைத் தட்டத் தொடங்கியது. நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்; மனிசனுக்கு ஏதும் ஏலாமல் போய்விட்டதோ, எண்பத்தாறு வயதல்லவா. அண்ணையாலும் இருக்க முடியவில்லை. முப்பது வருடம் சபையில் இருந்து பழகாத மனிதர். வேலை இல்லாத இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், கதிரைப் பிடியில் வைத்தார், பிறகு தன் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பின்னால் இருந்த மிக்சரைப் பார்த்தார்.

ஐந்தரைக்குக் கொஞ்சம் முந்தி கிழவன் வந்தார். ஒரு கையில் தடி. மற்றக் கையைக் கிட்டார்க்காரர் பிடித்திருந்தார். கதிரையில் அவரை இருத்துவதற்கே ஒரு பாட்டு நேரம் போனது. முதல் பாட்டில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. இரண்டாம் பாட்டில் வரி மறந்துபோனார். பக்கத்தில் நின்றவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம் ஏதோ குசுகுசுத்துத் தலையை ஆட்டினார். என்னுடைய மகள் மேடையில் நின்றபோது வந்த அதே சூடு எனக்குக் காதடியில் ஏறியது.

மூன்றாவது பாட்டு முடிந்தது. பழக்கதோசம், எழும்பிவிட்டேன். அண்ணை என் கோட்டைப் பிடித்தார், உதறிவிட்டுப் போனேன். நடைபாதையில் நின்ற பெண் பிள்ளையிடம், ஏற்பாட்டாளர்கள் எங்கே, பொன்னாடை போர்த்துபவர்களின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பிரெஞ்சில் சொல்ல முயன்றேன். பிள்ளை மிகுந்த இரக்கத்துடன், "இடது பக்கம், மிசியே, கடைசிக் கதவு" என்றாள். போனேன். அது கழிப்பறை. அதற்குள் பொன்னாடையுடன் சிறிது நேரம் நின்றேன். திரும்பி வந்தால் அண்ணையின் கதிரை வெறுமையாக இருந்தது.

எனக்குப் பதறிவிட்டது. இருட்டு. வயதான மனிதர். நெஞ்சுக்கு ஏற்கனவே மாத்திரை போடுபவர். ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போய், பலருடைய காலை மிதித்து, கடைசியில் அவரைக் கண்டேன். வேறெங்கே? மண்டபத்தின் கடைசியில், மிக்சருக்குப் பக்கத்தில் நின்றார். மிக்சருக்குப் பின்னால் வெள்ளைத் தலைமயிருடன் ஒரு பெண். கிழவனைவிடப் பத்து வயது இளையவராக இருக்கலாம்.

"உவவைப் பார்" என்று அண்ணை என் காதுக்குள் சொன்னார். "கிழவனுக்கு மூச்சு முட்டப் போகுதெண்டு உவவுக்கு முதலே தெரியுது. குரலைத் தூக்கிறா. வரி மறந்தா உடனை கிட்டாரை ஏத்திறா. சனத்துக்கு ஒண்டும் தெரியாது. கிழவன் பாடேல்லையடா. உவதான் அவரைக் கையிலை பிடிச்சு நடத்திக்கொண்டு போறா."

அதன் பிறகு நானும் மேடையைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தேன்.

அப்போது அந்தக் கிட்டார் தொடங்கியது. எனக்கு முதுகில் வேர்வை வந்தது, கலியாண நாள் போல. செக்கிங் பாட்டு! கிழவன் கண்ணை மூடி, ஒரு காலைத் தரையில் தட்டிக்கொண்டு பாடினார். நாற்பதாவது விநாடி வந்ததும் அண்ணையின் வலது கை நிறுத்துவதற்குத் தானாக எழும்பியது. பாதி வழியில் அதைக் கண்டு, மற்றக் கையால் பிடித்து இறக்கினார். பாட்டு போனது. நான் கேட்டிராத தூரத்துக்குப் போனது. என்னுடைய ஓ.எல். ஆங்கிலத்துக்கு எட்டியவரை கடைசியில் மனைவி கதவைத் திறக்கிறாள். அவன் ஆசையோடு எழும்புகிறான். அவள் மற்றச் சப்பாத்தையும் எறிந்துவிட்டுக் கதவை மூடுகிறாள். மண்டபம் சிரித்தது. கிழவனும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் குரல் உடைந்தது, உடைந்தது நன்றாகத்தான் இருந்தது.

முடிவில் தன்னுடன் வாசித்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். பிறகு தடியைத் தூக்கி, எங்கள் பக்கமாக நீட்டினார். "பின்னாலே ரூத் நிற்கிறாள். இந்தக் குரலில் பாதிதான் என்னுடையது, மீதி அவளுடையது. எல்லோரும் எழும்பித் திரும்புங்கள்" என்றார். முழு மண்டபமும் திரும்பியது. அத்தனை முகங்களும் எங்களைப் பார்த்தன. அண்ணை பயந்து என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினார். ரூத் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை.

"பாத்தியோ?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. "மற்றக் கையை மிக்சரிலை இருந்து எடுக்கேல்லை." திரும்பினால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். என்னால் இருக்க முடியவில்லை. பத்தொன்பது வருடமாகச் சங்கத்தின் செயலாளர் நான். ஒவ்வொரு விழாவிலும் நன்றியுரை நான்தான். குருக்களுக்கு நன்றி, ஆசிரியைகளுக்கு நன்றி, ரோல்ஸ் பொரித்தவர்களுக்கு நன்றி.

"அண்ணை, நான் ஒருநாளாவது உங்கடை பேரைச் சொல்லியிருக்கிறனோ?"

"ஒருக்காச் சொன்னனி. 'ஒலியமைப்பு தவபாலன்' எண்டு."

நான் பையில் இருந்த பொன்னாடையை எடுத்தேன். அவர் என் கையில் ஓர் அடி போட்டார். "மடிச்சு வை. தேத்தண்ணிக் கடையிலை போர்த்திறதுக்கு எனக்கென்ன குளிர்காய்ச்சலோ?" தேநீரை ஆற்றினார். "எனக்கு வேண்டாம், நாதன். உண்மையாச் சொல்லுறன். உன்ரை அக்கா முந்தி எல்லா விழாவுக்கும் வாறவள். கடைசி மட்டும் இருப்பாள், நன்றியுரை கேக்க. ஒருநாளும் சொல்லேல்லை. பேந்து வாறதை விட்டிட்டாள். ஒருக்கா முழுப்பேரும் சொல்லு. அவள் இருக்கேக்கை. அவ்வளவு காணும்."

இலையுதிர்காலத்தில் எங்கள் ஆண்டுவிழா. யோகம் அக்கா பல வருடத்துக்குப் பிறகு வந்தார். மாம்பழ நிறப் பட்டுச்சேலை, இரண்டாம் வரிசை. அண்ணைக்கென்று வைத்திருந்த பொன்னாடை முதலிலேயே போய்விட்டது. அழைக்காமல் ஒரு பிரமுகர் வந்துவிட, தலைவர் என் பையிலிருந்து அதை எடுத்து அவருக்குப் போர்த்தினார். பரவாயில்லை, பெயர்தானே முக்கியம் என்று நினைத்தேன். அதன் பிறகு தலைவர் பேசினார். பிரமுகர் பேசினார். பிரமுகர் பேசியதைப் பற்றித் தலைவர் மறுபடி பேசினார். நான் மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றேன். நன்றியுரைக்கு மைக் கைக்கு வந்தபோது எட்டு மணிக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது. பட்டியலை ஓட்டமாக வாசித்தேன். இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது: ஒலியமைப்பைக் கடைசியில் போடுவது வழக்கம் என்று அவருடைய பெயரையும் கடைசியில்தான் எழுதியிருந்தேன்.

"இறுதியாக, முப்பது வருடமாக எங்கள் குரலை..." என்றேன். மைக் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் எட்டு மணி. மண்டபத்தின் கடைசியில் அண்ணை, கை மிக்சரில். நான் பெயரைக் கத்திச் சொன்னேன். கதிரை மடக்கும் சத்தத்திலும் பிள்ளைகளின் இரைச்சலிலும் எனக்கே அது கேட்கவில்லை. யோகம் அக்கா எழும்பிச் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பின்னால் ஓடினேன். "அண்ணை! உங்கடை பேர்தானே அடுத்தது!"

"தெரியும்."

"பிறகேன் நிப்பாட்டினீங்கள்?"

"எட்டு மணியடா."

"ஒரு நிமிசம், அண்ணை. ஒரே ஒரு நிமிசம்!"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாற்றை பேச்சையும் எட்டுக்கு நிப்பாட்டினனான். என்ரை பேருக்காண்டி ஒரு நிமிசம் விட்டனெண்டா, நாளைக்கு ஆர் நான் சொல்லுறதைக் கேப்பான்? கோவிக்காதை. அடுத்த வருசம் நேரத்துக்குத் தொடங்கு."

அடுத்த வருடம் முதல் பெயராகச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பக்கக் கதவால் வீட்டுக்குப் போனேன். அண்ணை அந்த அடுத்த வருடத்துக்கு இருக்கவில்லை.

தகனச்சாலையில் எங்களுக்குத் தந்தது அரை மணி நேரம். அளவான மண்டபம்; சனமோ கொள்ளவில்லை. அவர் மைக் கட்டிய கலியாணத் தம்பதிகள் எல்லாம் வந்திருந்தார்கள் போலிருந்தது. சுவரோரமும் வாசலிலும் படியிலும் நின்றார்கள். தேவாரம் முடிந்ததும் தலைவர் சட்டைப்பையிலிருந்து கடதாசியை எடுத்தார். மூன்று பக்கம். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைவரை முந்தினேன். முந்தும்போது அவருடைய காலையும் மிதித்தேன். இத்தால் மன்னிப்புக் கேட்கிறேன்.

மைக்குக்கு முன்னால் நின்றேன். வணக்கம் சொல்லவில்லை, குருக்களை விளிக்கவில்லை, பெரியோர்களே தாய்மார்களே சொல்லவில்லை.

"வல்லிபுரம் தவராசா" என்றேன்.

அதற்குப் பிறகு சொல்ல எழுதி வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. பெயர்கூடச் சரியாக வந்ததாகத் தெரியவில்லை. கடதாசியைப் பார்த்தேன், எழுத்துகள் ஓடின. அபி முன்னால் வரப் பார்த்தாள். அப்போது முதல் வரிசையில் இருந்து யோகம் அக்கா தலையை நிமிர்த்தினார். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, வாசல்லை நிக்கிற சனத்துக்குக் கேட்டிராது. இன்னொருக்காச் சொல்லு."

நான் மைக்கை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். வாசலையும் தாண்டி, படியில் நிற்பவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று அடிவயிற்றிலிருந்து சொன்னேன்.

வல்லிபுரம் தவராசா.

அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். போய் வாருங்கள், அண்ணை.